ஸ்ட்ராஷ் மணற்பாறையும் அதிலிருந்த யுரேனியமும்: ஒரு நிகழ்வு ஆய்வு

செக் குடியரசின் வடபகுதியில், ரல்ஸ்கோ குன்றின் அடியில் ஸ்ட்ராஷ் போட் ரல்ஸ்கெம் என்ற சிற்றூர் இருக்கிறது. 1960களின் பிற்பகுதியிலிருந்து 1996 வரை அந்த ஊரை ஒட்டிய நிலத்தின் அடியில் இருக்கும் மணற்பாறைக்குள் ஏறக்குறைய 40 லட்சம் டன் கந்தக அமிலம் செலுத்தப்பட்டது. அதற்குப் பதிலாக மேலே வந்த யுரேனியம் சுமார் 15,000 டன். ஒரு கிலோ யுரேனியத்துக்கு 250 கிலோவுக்கும் மேல் அமிலம் செலவாகியிருக்கிறது. செலுத்தியதில் ஒரு பகுதி இன்னும் பாறைக்குள்தான் கிடக்கிறது. அதை எடுத்துச் சுத்தம் செய்யும் வேலை 1996இல் தொடங்கியது, இன்னும் முடியவில்லை.

ஸ்ட்ராஷைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் எவ்வளவு அமிலம், எவ்வளவு கழிவு, எவ்வளவு செலவு என்ற கணக்கோடு முடிந்துவிடுகிறது. ஆனால் அங்கே நடந்த ஒவ்வொன்றுக்கும் காரணம் அந்தப் பாறையின் அமைப்பிலேயே இருக்கிறது. மணற்பாறையில் யுரேனியத்தைக் கொண்டுவந்து சேர்த்தது நிலத்தடி நீர். நீர் போகும் வழியைப் படிக்காமல் தாதுவின் அளவை மட்டும் கணக்கிடுவது பாதி ஆய்வுதான். ஸ்ட்ராஷை நான் முக்கியமான நிகழ்வாக எடுத்துக்கொள்வதற்குக் காரணம் இதுதான்.

மணற்பாறையில் யுரேனியம் எப்படிச் சேர்கிறது

யுரேனியத்துக்கு இரண்டு முகங்கள் உண்டு. ஆக்சிஜன் கலந்த நீரில் அது ஆறு இணைதிறன் கொண்ட யுரேனைல் அயனியாக மாறி, கார்பனேட்டோடு சேர்ந்துகொண்டு சுலபமாகக் கரைந்து ஓடும். ஆக்சிஜன் இல்லாத இடத்துக்கு வந்தால் நான்கு இணைதிறன் நிலைக்கு ஒடுங்கி, ஏறக்குறைய கரையாத பொருளாகப் படிந்துவிடும். மணற்பாறைத் தாதுக்கள் அத்தனைக்கும் இந்த ஒரு வேதியியல்தான் அடிப்படை.

மேட்டில் கிரானைட் போன்ற பாறைகளோ எரிமலைச் சாம்பல் படிவுகளோ இருக்கும். அவற்றில் யுரேனியம் பத்து லட்சத்தில் சில பங்குதான். மழைநீர் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து, பக்கத்துப் படுகையின் மணற்பாறைக்குள் எடுத்துச் செல்கிறது. அந்த மணல் ஒரு காலத்தில் ஆறோ கடலோரமோ கொண்டுவந்து போட்டது; அதோடு இலை, வேர், மரத்துண்டு எல்லாம் சேர்ந்தே புதைந்திருக்கும். அழுகிய தாவரப் பொருளும், அதை உண்ட பாக்டீரியாக்கள் உருவாக்கிய ஹைட்ரஜன் சல்ஃபைடும், அதிலிருந்து விளைந்த பைரைட்டும் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம்) நீரிலுள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடும். அந்த எல்லையில் யுரேனியம் இறங்கிவிடுகிறது.

நீர் தொடர்ந்து ஓடிக்கொண்டிருந்தால் அந்த எல்லையும் சும்மா இருக்காது. பின்னால் வரும் ஆக்சிஜன் நேற்றுப் படிந்ததை மறுபடி கரைக்கும். சற்றுத் தள்ளிப்போய் அது திரும்பவும் படியும். இப்படி நகர்ந்து நகர்ந்து பிறை வடிவில் குவியும் படிவுகளை உருள்முகப் படிவுகள் என்கிறோம். அமெரிக்காவின் வயோமிங்கிலும் கஜகஸ்தானின் சூ-சரிசு படுகையிலும் இருப்பவை பெரும்பாலும் இந்த வகை. பிறையின் பின்பக்கம் இரும்பு துருப்பிடித்துச் சிவப்பும் மஞ்சளுமாக இருக்கும். முன்பக்கம் பைரைட் கெடாமல் சாம்பல் நிறம். செலினியம் பின்பக்க விளிம்பிலும் மாலிப்டினம் முன்பக்கத்திலும் சேர்வது வழக்கம். துளையிடுபவர்கள் கோர் துண்டின் (துளையிலிருந்து உருளையாக எடுக்கும் பாறைத் துண்டு) நிறத்தைப் பார்த்தே முகப்பைத் தாண்டிவிட்டோமா, இன்னும் பின்னால் நிற்கிறோமா என்று சொல்லிவிடுவார்கள்.

படிவு நகரும் என்பதால் அளப்பதிலும் ஒரு சிக்கல் வருகிறது. துளைக்குள் இறக்கும் காமா கருவி யுரேனியத்தை நேரடியாகப் பார்ப்பதில்லை. அது பிடிக்கும் கதிர்களில் பெரும்பகுதி, யுரேனியம் படிப்படியாகச் சிதையும் வரிசையில் ரேடியத்துக்குப் பின் வரும் பிஸ்மத்-214, காரீயம்-214 ஆகியவற்றிலிருந்து வருகிறது. யுரேனியம் கரைந்து முன்னே போய்விட்டாலும் ரேடியம் பழைய இடத்திலேயே தங்கியிருக்கலாம். ரேடியம்-226க்கு அரை ஆயுள் 1600 ஆண்டு. அதற்கு முந்தைய தோரியம்-230க்கு ஏறக்குறைய 75,000 ஆண்டு. ஆகவே காமா உரக்கச் சத்தமிடும் இடத்தில் யுரேனியம் குறைவாக இருக்கலாம். புதிதாக யுரேனியம் வந்து சேர்ந்த இடம் அமைதியாக இருக்கலாம். இந்த வகைத் தாதுவில் கோர் துண்டை வேதியியல் முறையில் சோதிக்காமல் காமா பதிவை மட்டும் நம்பி இருப்பைச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். கருவியிலிருந்து நியூட்ரானை அனுப்பி, யுரேனியம்-235இன் அணுப்பிளவை நேரடியாக அளக்கும் முறை வந்ததே இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான்.

ஸ்ட்ராஷின் அடுக்குகள்

செக் நாட்டு யுரேனியம் என்றாலே யாக்கிமோவ்தான் நினைவுக்கு வரும். மேரி கியூரி ரேடியத்தைப் பிரித்தெடுத்த கழிவு அங்கிருந்துதான் போனது. அது பாறை வெடிப்புகளில் நரம்பு நரம்பாக ஓடும் செறிந்த தாது. ஸ்ட்ராஷ் முற்றிலும் வேறு. 1960களின் தொடக்கத்தில் ஹம்ர் பகுதியில் கண்டறியப்பட்ட இந்தத் தாது, செறிவு குறைந்தது. ஆனால் பரப்பு பெரிது. நாட்டின் யுரேனியம் முழுதும் அப்போது சோவியத் ஒன்றியத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. எவ்வளவு எடுக்க முடியும் என்ற கேள்விதான் எல்லாவற்றுக்கும் முன்னால் நின்றது.

இந்த இடம் வடக்கு பொஹீமியாவின் கிரெட்டேசியஸ் படுகையைச் சேர்ந்தது. அடியில் பழைய உருமாறிய பாறைகளும் கிரானைட் வகைப் பாறைகளும். அதன்மேல், ஏறக்குறைய 10 கோடி ஆண்டுக்கு முன் தொடங்கிய செனோமேனியன் காலத்து மணற்பாறை. அதற்கும் மேலே டூரோனியன் காலத்து அடுக்குகள். வடக்கிலும் வடகிழக்கிலும் லுசேஷியன் பிளவு, மேற்குப் பக்கம் ஸ்ட்ராஷ் பிளவு என்று பிளவுகள் இந்தப் பகுதியைத் தனித்துண்டாக வெட்டி நிறுத்தியிருக்கின்றன.

செனோமேனியன் அடுக்கைக் கீழிருந்து மேலாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பிற்பாடு நடந்தது எல்லாம் இந்த வரிசையில்தான் அடங்கியிருக்கிறது. அடியில் நன்னீர்ப் படிவுகள்: பள்ளங்களில் ஆறும் சதுப்பும் விட்டுச்சென்ற மணலும் களியும், கறுத்த தாவரத் துணுக்குகளும். அதன்மேல் கடல் உள்ளே வந்தபோது அடித்துக் கிளறிப் போட்ட ஒரு மெல்லிய கலப்பு அடுக்கு. யுரேனியத்தின் முக்கிய இருப்பிடம் இந்தக் கீழ்ப்பகுதிதான். அதற்கும் மேலே பொலபொலவென்று உதிரும் மணற்பாறை. கையில் எடுத்து அழுத்தினால் மணிகள் பிரிந்துவிடும் அளவுக்குப் பிணைப்பு குறைவு. நீர் அதில் தடையில்லாமல் ஓடும். உச்சியில் கடற்புழுக்கள் குடைந்த தடங்கள் நிறைந்த நுண்மணற்பாறை. இதில் துளையிடம் இருக்கிறது, ஆனால் நீர் மெதுவாகத்தான் நகரும்.

கனிமங்களும் கொஞ்சம் விசித்திரமானவை. யுரேனியம் ஆக்சைடான யுரேனினைட்டோடு, நிங்யோயைட் என்ற யுரேனியம்-கால்சியம் பாஸ்பேட்டும், நீர் சேர்ந்த சிர்கான் என்ற சிர்கோனியக் கனிமமும் இருக்கின்றன. நிங்யோயைட் முதலில் அறியப்பட்டது ஜப்பானின் நிங்யோ கணவாயில்; அதுவும் படிவுப் பாறையில் உள்ள தாதுதான். சிர்கோனியமோ குளிர்ந்த நிலத்தடி நீரில் அவ்வளவு எளிதாக நகரும் தனிமம் இல்லை. யுரேனியத்தோடு அது எப்படிச் சேர்ந்தது என்ற கேள்வி, இந்தப் படுகையில் பின்னாளில் நடந்த எரிமலைச் செயல்பாட்டின் பக்கம் நம் பார்வையைத் திருப்புகிறது. அந்தக் காலத்து எரிமலைக் குழம்பு பிளவுகளில் ஏறி உறைந்த சுவர்கள் இங்கே பல இருக்கின்றன. ஒசெச்னா அருகே உள்ள ஒன்றைச் சாத்தானின் சுவர் என்றே அழைக்கிறார்கள். நிலத்தடியில் இவை நீரோட்டத்தைக் குறுக்கே மறிக்கும். சில இடங்களில் ஓரத்து வெடிப்புகள் வழியே மேலும் கீழும் வழி விடவும் கூடும்.

சுரங்க ஆவணங்களில் இந்தக் கனிம விவரம் எல்லாம் ஓரத்தில் ஒதுங்கிக் கிடக்கும் விஷயம். ஆனால் அமிலத்தின் அளவைத் தீர்மானித்தது இதுதான். பாஸ்பேட்டிலும் சிர்கானிலும் பூட்டிக் கிடக்கும் யுரேனியம், கார்பனேட் கலந்த மென்மையான கரைசலுக்கு லேசில் அசையாது. அதனால் கடுமையான அமிலத்தைத் தேர்ந்தெடுத்தார்கள்.

இரண்டு நீர்த்தாங்கிகள்

ஸ்ட்ராஷில் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு நீர்த்தாங்கிகள், அதாவது நிலத்தடி நீரைத் தேக்கி ஓடவிடும் பாறை அடுக்குகள், இருக்கின்றன. கீழே செனோமேனியன், அதன் நீர் அழுத்தத்தில் அடைபட்டது, இயற்கையாகவே ரேடியம் கலந்தது. மேலே டூரோனியன்; இது குடிநீர் தரும் அடுக்கு, வட்டாரத்துக்கே மிக முக்கியமான நீர்வளம். இரண்டுக்கும் நடுவே களிமண் கலந்த நுண்பாறையாலான நீர்த்தடுப்பு அடுக்கு ஒன்று இருக்கிறது.

காகிதத்தில் இது நல்ல அமைப்பு. தாது உள்ள அடுக்கு ஆழத்தில், மேலே தடுப்பு, அதற்கும் மேலே நல்ல நீர். தாதுவைத் தோண்டாமல், துளைகள் வழியே கரைசலை இறக்கி, கரைந்த யுரேனியத்தோடு மேலே உறிஞ்சி எடுக்கலாம் என்று முடிவானது. இடத்திலேயே கரைத்தெடுக்கும் இந்த முறை தன்னளவில் தவறானது என்று நான் சொல்லமாட்டேன். இன்று உலகில் எடுக்கப்படும் யுரேனியத்தில் பாதிக்கும் மேல் இப்படித்தான் வருகிறது. கஜகஸ்தானிலும் அமிலம்தான் பயன்படுகிறது; வயோமிங்கில் பைகார்பனேட்டும் ஆக்சிஜனும் கலந்த கரைசல் போதுமானதாக இருக்கிறது. தொழிலாளி சுரங்கத்துக்குள் இறங்கி ரேடான் வாயுவைச் சுவாசிக்க வேண்டியதில்லை. கழிவு மலையும் குவியாது.

ஆனால் தடுப்பு அடுக்கு முழுசாக இருக்கும்வரைதான் அது தடுப்பு. தாதுவைத் தேடப் போட்ட துளைகளும், கரைசலுக்காகப் போட்ட ஆயிரக்கணக்கான ஆழ்துளைக் கிணறுகளும் அத்தனையும் அந்த அடுக்கைத் துளைத்துக்கொண்டுதான் கீழே போயின. ஒவ்வொரு கிணறும், அதன் உறைக்குழாய் விரிசல் விட்டாலோ சுற்றிலும் போட்ட சிமெண்ட் சரியாக நிரம்பாமல் போனாலோ, கீழடுக்கை மேலடுக்கோடு இணைக்கும் ஒரு பாதை. டூரோனியன் நீர் கெட்டது பெருமளவு இப்படித்தான்: கசியும் கிணறுகளும் தரைமேல் சிந்திய கரைசலும்.

பக்கத்திலேயே இன்னொரு சுரங்கம்

எனக்கு இந்த ஆய்வில் மிகவும் உறுத்தும் பகுதி இது. ஸ்ட்ராஷில் கரைசலை அழுத்தி இறக்கிக்கொண்டிருந்த அதே காலத்தில், அதே செனோமேனியன் அடுக்கில், சில கிலோமீட்டர் தொலைவில் ஹம்ரில் ஆட்கள் இறங்கித் தோண்டும் சுரங்கம் நடந்தது. ஆள் உள்ளே வேலை செய்ய வேண்டும் என்றால் நீரை இடைவிடாமல் இறைக்க வேண்டும். ஒரு பக்கம் நீர்மட்டத்தை உயர்த்துகிறார்கள், மறுபக்கம் தாழ்த்துகிறார்கள். நடுவில் இருப்பது நீர் தாராளமாக ஓடக்கூடிய, உதிரும் மணற்பாறை. அமிலக் கரைசல் எந்தப் பக்கம் நகரும் என்பதைச் சொல்ல பெரிய கணக்கு எதுவும் தேவையில்லை.

அதைத் தடுக்க இரண்டுக்கும் நடுவே வரிசையாகக் கிணறுகள் போட்டு, நீரைச் செலுத்தி, ஒரு நீர்ச்சுவரை எழுப்பினார்கள். நிலத்துக்கு அடியில் அழுத்தத்தாலேயே கட்டிய மேடு அது. அது வேலை செய்தது. ஆனால் இறைப்பும் செலுத்துவதும் தாறுமாறாகாமல் ஆண்டுக்கணக்கில் சமமாக ஓட வேண்டியிருந்தது. கரைத்தெடுக்கும் வயலிலோ (கரைசல் கிணறுகள் போட்ட நிலப்பரப்பு) உள்ளே போனதைவிட வெளியே எடுத்தது குறைவு. மிஞ்சியது சுற்றிலும் பரவியது. கிணறுகள் இருந்த பரப்பு ஏழு சதுர கிலோமீட்டர் அளவுதான். செனோமேனியனில் மாசு பரவிய பரப்பு 24 சதுர கிலோமீட்டருக்கும் அதிகம். அடுக்கில் சிக்கிய மாசு நீரின் கொள்ளளவு 18 கோடி கன மீட்டருக்கும் மேல்.

ஹம்ர் சுரங்கத்திலிருந்து இறைத்த நீர் ப்ளௌச்னிட்சே ஆற்றுக்குப் போனதும், ஆற்றங்கரை வண்டலில் யுரேனியமும் ரேடியமும் படிந்ததும் தனிக் கதை. அதை இங்கே தொடரவில்லை.

அமிலம் பாறையோடு என்ன செய்தது

இறக்கிய அமிலத்தில் யுரேனியத்தைக் கரைக்கச் செலவானது மிகச் சிறிய பங்கு. கந்தக அமிலத்துக்கு யுரேனியம் மட்டும்தான் தெரியும் என்றில்லை. வழியில் இருக்கும் களிமண், ஃபெல்ட்ஸ்பார், இரும்புக் கனிமம் எல்லாவற்றோடும் வினைபுரியும். கயோலின் என்ற களிமண் மெல்லக் கரைந்து அலுமினியமும், பைரைட்டும் இரும்பு ஆக்சைடும் கரைந்து இரும்பும் கரைசலில் ஏறின. எளிதாகக் கரைத்தெடுக்கக்கூடிய தாதுவில் அமிலம் ஒரு கிலோ யுரேனியத்துக்கு 70, 80 கிலோ ஆகலாம். ஸ்ட்ராஷில் அதைப் போல மூன்று மடங்கு ஆனதற்கு மேலே சொன்ன பிடிவாதமான கனிமங்களும், கரைசல் வயலைவிட்டு வெளியே போனதும் காரணங்கள்.

மேலே எடுத்த கரைசலை ரெசின் (அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் செயற்கைப் பிசின் மணிகள்) வழியே ஓட்டி யுரேனியத்தைப் பிடித்துக்கொண்டு, மிச்சத்துக்கு அமிலம் சேர்த்துத் திரும்பக் கீழே அனுப்புவார்கள். ரெசினிலிருந்து யுரேனியத்தைக் கழுவி எடுக்க நைட்ரேட் கரைசல் வேண்டும். அடுத்த கட்டங்களுக்கு அம்மோனியா வேண்டும். இவையும் சுற்றுக்குள் கலந்து பாறைக்குப் போய்ச் சேர்ந்தன: நைட்ரிக் அமிலம் சில லட்சம் டன், அம்மோனியா ஒரு லட்சம் டன்னுக்கும் மேல். இப்படியாக செனோமேனியன் நீரில் சல்ஃபேட், அலுமினியம், அம்மோனியம் மூன்றும் பெருமளவில் ஒன்றாகச் சேர்ந்தன.

இந்த மூன்றும் ஒரே நீரில் கூடினால் என்ன விளையும் என்பது வேதியியல் படித்த எவருக்கும் தெரியும்: அம்மோனியம் படிகாரம். சுத்திகரிப்பும் அதையே பிடித்துக்கொண்டது. அரசு நிறுவனமான டியாமோ 1996இல் இயக்கத் தொடங்கிய ஆவியாக்கும் நிலையத்தில், மேலே இறைத்த கரைசலைக் கொதிக்கவைத்துச் சுண்டவைக்கிறார்கள். ஆவி குளிர்ந்து ஏறக்குறைய தூய நீராகிறது. மிஞ்சும் அடர்ந்த கரைசலைக் குளிரவைத்தால் படிகாரம் வெள்ளைப் படிகங்களாக இறங்குகிறது. சுண்ணாம்பு சேர்த்து நடுநிலையாக்கும் நிலையங்கள் பிற்பாடு வந்தன. அவற்றிலிருந்து வரும் சேற்றை வடிகட்டிப் பழைய சுரங்கக் கழிவுக் குட்டையில் சேர்க்கிறார்கள்.

இலக்கு எது, எப்போது

செனோமேனியன் நீரைப் பழைய நிலைக்கே கொண்டுவருவது இங்கே இலக்கு அல்ல. அது நடக்கிற காரியமும் இல்லை. மேலே உள்ள டூரோனியன் குடிநீருக்கு நெடுங்காலத்துக்கு ஆபத்து வராத அளவுக்குக் கீழடுக்கின் செறிவைக் குறைப்பதே ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவுகோல். இதை நான் நேர்மையான அளவுகோலாகவே பார்க்கிறேன். ஆனால் இதிலும் எல்லாமே புவியியலைத்தான் நம்பியிருக்கிறது. ஹம்ர் சுரங்கம் மூடி, இறைப்பு நின்று, செனோமேனியன் நீரழுத்தம் பழையபடி ஏறும்போது, எங்கெல்லாம் கீழடுக்கின் அழுத்தம் மேலடுக்கைவிட அதிகமாகும், அங்கெல்லாம் தடுப்பு அடுக்கில் பழைய துளையோ பிளவோ எரிமலைச் சுவரின் வெடிப்போ இருக்கிறதா என்பதுதான் கேள்வி. பழைய கிணறுகளைத் தேடித்தேடிச் சிமெண்டால் அடைக்கும் வேலையை, எடுத்துச் சுத்தம் செய்வதற்குச் சமமான முக்கியத்துவம் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

இறைத்து முடிக்க ஏன் இத்தனை பத்தாண்டுகள் ஆகின்றன? திட்டம் 2030களின் பிற்பகுதிவரை நீள்கிறது. பதில் முன்பு சொன்ன செனோமேனியன் அடுக்கு வரிசையில் இருக்கிறது. அமிலக் கரைசல் முதலில் ஓடியது உதிரும் மணற்பாறை வழியாக. இப்போது இறைக்கும்போதும் முதலில் வருவது அதிலுள்ளதுதான். ஆனால் முப்பது ஆண்டு அழுத்தத்தில் இருந்த கரைசல், மேலே உள்ள புழுத்தட நுண்மணற்பாறைக்குள்ளும் மெல்லப் புகுந்து உட்கார்ந்துவிட்டது. கீழே நன்னீர்ப் படிவுகளின் களிமண் பட்டைகளிலும் அப்படியே. பம்பின் இழுப்பு அங்கே எட்டாது. உதிரும் மணற்பாறையில் செறிவு குறையக் குறைய, இந்த மந்தமான அடுக்குகளிலிருந்து உப்பு மெல்லத் தானாகப் பரவுவதால் மட்டும் திரும்பி வரும். இறைப்பை நிறுத்திச் சில காலம் விட்டால் செறிவு மறுபடி ஏறும். அதனால் ஓரிடத்தில் எடுத்த ஒரு மாதிரியை வைத்து இங்கே சுத்தமாகிவிட்டது என்று எழுத முடியாது. கிணற்றை ஓயவிட்டு, ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் தனித்தனியாக மாதிரி எடுத்துப் பார்த்த பிறகுதான் அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு. கரைத்தெடுக்கும் திட்டம் ஒன்றைத் தொடங்கும் முன், துளைகளை முதலில் இறக்கும்போதே அடுக்கு வாரியாக நீர் கடத்தும் திறனை அளந்து, கரைசல் மந்தமான அடுக்கில் எவ்வளவு தங்கும் என்று கணக்கிட்டிருந்தால், எவ்வளவு அமிலம் எடுக்கும் என்பதோடு எத்தனை ஆண்டு இறைக்க வேண்டியிருக்கும் என்பதும் அதே தாளில் வந்திருக்கும்.